பாம்புச் சட்டை துண்டு துண்டாக உரிகிறதே, என்ன செய்வது?

கேள்வி இது: மூன்று வயதுப் பால் பைத்தான் (ball python, பந்துபோலச் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை). டொரண்டோவில் அடுக்குமாடி வீடு. கண்ணாடித் தொட்டி, மேலே கம்பிவலை மூடி, அதன்மேல் வெப்ப விளக்கு. கடந்த இரண்டு முறையும் சட்டை துண்டு துண்டாகத்தான் உரிந்தது. இடது கண்ணில் பழைய படலம் ஒட்டியிருக்கிறது. வால் நுனியில் காய்ந்த தோல் மோதிரம்போல நிற்கிறது. வயிற்றில் நான்கைந்து செதில்களின் ஓரம் சிவந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா, கண் படலத்தை இடுக்கியால் எடுத்துவிடலாமா?

இரண்டும் வேண்டாம். எண்ணெய் அந்தக் காய்ந்த தோலை ஊறவைக்காது, தண்ணீர் உள்ளே போகிற வழியைத்தான் அடைக்கும். இடுக்கியைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். கண் பொறுக்கும். வாலுக்குக் கீழே சொல்லும் ஈரத் துண்டு வைத்தியத்தை வீட்டிலேயே இன்றே தொடங்குங்கள். வயிற்றுச் சிவப்பை மட்டும் இந்த வாரமே பாம்பு பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் காட்டுங்கள். நான் மருத்துவன் இல்லை. இதே குளிரில் பதினாறு வருடமாகப் பால் பைத்தானும் கார்ன் ஸ்நேக் என்ற வட அமெரிக்கப் பாம்பும் வளர்க்கிறவன், அவ்வளவுதான். செய்யக்கூடாததையெல்லாம் ஒருமுறையாவது செய்து பார்த்துவிட்டேன் என்பது என் தகுதி.

சட்டை ஏன் ஒட்டிக்கொள்கிறது என்பது புரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். பழைய தோலுக்கு அடியில் புதிய தோல் முழுதாக உருவான பிறகுதான் பாம்பு பழையதைக் கழற்றும். இரண்டுக்கும் நடுவே ஒரு திரவம் ஊறி, பழைய தோலின் பிடிப்பைத் தளர்த்திவிடும். அந்தத் திரவத்தால்தான் கண் பால் ஊற்றியதுபோல நீலம் பாயும், உடம்பு மங்கும், வயிறு இளஞ்சிவப்பாகும். நான்கைந்து நாளில், சிலதற்கு ஒரு வாரத்தில், கண் மறுபடி தெளியும். தெளிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துப் பாம்பைக் கையில் எடுக்கிறவர்கள் நிறைய. உண்மையில் உரிப்பது அதற்கும் மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் கழித்துத்தான். இந்தப் பத்துப் பதினைந்து நாளும் காற்று வறண்டிருந்தாலோ, பாம்பு உடம்பில் தண்ணீர் குறைந்திருந்தாலோ, தளர வேண்டிய தோல் காய்ந்து அப்பளம்போல ஒட்டிக்கொள்ளும்.

ஊரில் வேலியோரத்திலும் கல்லிடுக்கிலும் பாம்புச் சட்டை கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாய்ப்பக்கத்தைச் சொரசொரப்பான எதிலாவது தேய்த்துக் கிழித்து, அந்த இடுக்கில் மாட்டவிட்டு, உடம்பை முன்னே இழுத்துக்கொண்டு போய்விடும். காலுறையைத் திருப்பிக் கழற்றுவதுபோலச் சட்டை உள்பக்கம் வெளியாகக் கிடக்கும். நல்ல சட்டை என்றால் மூக்கிலிருந்து வால் நுனிவரை ஒரே துண்டு. தோல் இழுபடுவதால் அது பாம்பைவிட நீளமாகவே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘அடேயப்பா, எவ்வளவு பெரிய பாம்பு’ என்று ஊரே பயப்படுவதும் உண்டு. (இந்தியாவிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு: நல்லபாம்பு, சாரை, மலைப்பாம்பு போன்ற நம் மண்ணின் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே சொல்வதெல்லாம் அனுமதியோடு வளர்க்கும் வெளிநாட்டு இனங்களுக்கு.)

சட்டை விழுந்ததும் குப்பையில் போடாதீர்கள். ஈரம் காய்வதற்குள் சமையல் மேசையில் ஒரு பேப்பர் டவலை விரித்து அதன்மேல் நீட்டி வையுங்கள். தலைப்பக்கத்தை விளக்குக்கு நேரே பிடித்தால், கான்டாக்ட் லென்ஸ் மாதிரி இரண்டு குட்டிக் கிண்ணங்கள் பளபளவென்று தெரிய வேண்டும். அவைதான் கண் மூடிகள். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணுக்கு மேலே கண்ணாடிபோல ஒரு செதில் மூடியிருக்கிறது, சட்டையோடு அதுவும் கழன்று வரும். கிண்ணம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருந்தால் மூடி பாம்பின் கண்ணிலேயே தங்கிவிட்டது. அடுத்து வால் நுனி. கூர்மையாக, மூடியபடி முடிகிறதா, அல்லது குழாய்போலத் திறந்திருக்கிறதா? திறந்திருந்தால் மிச்சம் வாலில்தான் இருக்கிறது. இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும், பாம்பைத் தொடவே வேண்டாம்.

சரி, உங்கள் தொட்டிக்கு வருவோம். நீங்கள் சொன்ன வர்ணனையிலேயே காரணம் இருக்கிறது: டொரண்டோ, குளிர்காலம், கம்பிவலை மூடி, மேலே விளக்கு. வெளியே மைனஸ் 10 டிகிரி இருக்கும்போது ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 2 கிராம் சொச்சம் நீராவியைத்தான் தாங்கும். அதே காற்றை வீட்டுக்குள் 21 டிகிரிக்குச் சூடாக்கினால் அதனால் 18 கிராம் தாங்க முடியும், ஆனால் அதனிடம் இருப்பது அதே 2 கிராம். ஈரப்பதம் 12, 13 சதவீதத்துக்கு விழுந்துவிடுகிறது. சமையல் ஆவி, குளியலறை ஆவி, நம் மூச்சு எல்லாம் சேர்ந்தாலும் 25, 30-ஐத் தாண்டுவது கஷ்டம். நம் உதடு வெடிக்கிறதே, அதே காற்றுதான் அதற்கும். பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் பகலெல்லாம் எலி வளைக்குள்ளும் கறையான் புற்றுக்குள்ளும் அடைந்து கிடக்கும் பிராணி. அதற்கு 60 சதவீதமாவது வேண்டும், சட்டை உரிக்கும் நாட்களில் 70-க்குக் குறையக்கூடாது. கார்ன் ஸ்நேக்குக்கு 40 முதல் 60 போதும். எல்லாப் பாம்புக்கும் ஒரே எண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எதையும் மாற்றுமுன் அளந்து பாருங்கள். கண்ணாடியில் ஒட்டும் முள் வைத்த வட்ட மானிகளை நான் கணக்கில் எடுப்பதே இல்லை. ஒயரில் சென்சார் தொங்கும் டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று வாங்குங்கள். அதுவும் சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம்: ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, ஈர மணல் பதம் வரும்வரை சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதையும் மானியையும் ஒரு ஜிப் பைக்குள் வைத்து இறுக்க மூடி, இரவு முழுக்க விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் உங்கள் மானி ஏழு குறைவாகக் காட்டுகிறது, கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் வெப்பம்: சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27.

இப்போது மாற்றங்கள். கம்பிவலையின் முக்கால் பாகத்தை அலுமினியத் தாளால் மூடுங்கள், விளக்கைச் சுற்றியுள்ள இடத்தை மட்டும் திறந்து விடுங்கள். இது ஒன்றுக்கே மானியில் பத்துப் பதினைந்து ஏறும். தரைக்குத் தேங்காய் மட்டைத் தூளோ துண்டுகளோ எட்டுப் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போடுங்கள். (ஊரில் தோப்போரத்தில் மலையாகக் குவிந்து கிடக்கும் சாமான். இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் செங்கல்லாக அழுத்தி இங்கே வருவதைக் காசு கொடுத்து வாங்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும்.) மூலைகளில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். அடி அடுக்கு ஈரமாக இருக்கும், பாம்பு படுக்கும் மேல் அடுக்கு காய்ந்திருக்கும். தண்ணீர்க் கிண்ணம் பாம்பு சுருண்டு உட்காரும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். சீடர், பைன் மரச் சீவல்களைத் தவிர்த்துவிடுங்கள், அவற்றின் வாசனை எண்ணெய் பாம்புக்கு ஆகாது. தேய்த்துக்கொள்ள ஒரு கார்க் பட்டையோ சொரசொரப்பான கல்லோ போதும்.

எல்லாவற்றையும்விடப் பலன் தருவது ஈரப் பெட்டி. ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை எடுத்து, பாம்பின் தடித்த பகுதியைவிடச் சற்றே பெரிய ஓட்டை போட்டு, ஓரத்தை உப்புத்தாளால் தேயுங்கள். உள்ளே தண்ணீரைத் தேக்கி வைக்கும் ஸ்பேக்னம் பாசியை நனைத்து, சொட்டாதவரை பிழிந்து போடுங்கள். தொட்டியின் சூடான பக்கத்துக்கு அருகே வையுங்கள். வயிறு சிவக்க ஆரம்பித்ததும் பாம்பு தானாகப் போய் உள்ளே படுத்துக்கொள்ளும், வேண்டாமென்றால் வெளியே வந்துவிடும். பாசியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், பூஞ்சை வாடை வந்தால் அன்றைக்கே.

இப்போது ஒட்டியிருக்கும் சட்டைக்கு. மூடியில் காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் இரண்டு பழைய துண்டுகளைப் போட்டு, 28, 30 டிகிரித் தண்ணீரால் நனையுங்கள். கையை வைத்தால் சூடும் குளிர்ச்சியும் உறைக்கக்கூடாது. பாம்பை உள்ளே விட்டு அரை மணி நேரம். அதுவே துண்டுகளுக்கு இடையில் நுழைந்து நுழைந்து தோலைத் தேய்த்துக்கொள்ளும். தொட்டித் தண்ணீரில் முக்கி வைப்பதைவிட இது எனக்குப் பிடிக்கும், மூழ்கும் பயம் இல்லை, பாம்பும் அவ்வளவு மிரளாது. பிறகு ஈரத் துண்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்துத் தளர்வாகப் பிடித்து, பாம்பை அதன் வழியாக ஊர்ந்து போக விடுங்கள். இழுப்பது பாம்பாக இருக்கட்டும், நீங்கள் இழுக்காதீர்கள். வராத துண்டை விட்டுவிட்டு மறுநாள் மறுபடி செய்யுங்கள். உரித்தெடுத்தால் அடியில் இருக்கும் இளம் தோலும் கூடவே வந்துவிடும்.

வாலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மோதிரம்போல நிற்கும் தோல் காயக் காய இறுகும், இரத்த ஓட்டம் நிற்கும், நுனி கறுத்து விழுந்துவிடும். ஈரத் துண்டு வைத்தியத்துக்குப் பிறகு, நனைந்த பஞ்சுக் குச்சியால் உடம்புப் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி உருட்டுங்கள். மூன்று நான்கு நாளில் வராவிட்டாலோ, நுனி ஏற்கெனவே கறுத்திருந்தாலோ மருத்துவர் பார்க்கட்டும்.

கண். ஒட்டியிருக்கும் மூடிக்கும் அடியில் இருக்கும் புதிய மூடிக்கும் இடையில் இடுக்கி நுழைய இடமே இல்லை. கை கொஞ்சம் நடுங்கினால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும். அதன் பிறகு கண் திறந்த புண்தான். காய்ந்து போகும், கிருமி ஏறும், கண்ணே போய்விடலாம். அடுத்த சட்டையை நல்ல ஈரப்பதத்தில் உரித்தால் பழைய மூடியும் சேர்ந்து வந்துவிடுவதுதான் வழக்கம். ஒரு கண்ணில் ஒரு மூடி என்றால் காத்திருங்கள். அடுத்த முறையும் வராவிட்டாலோ, கண் வீங்கினாலோ மருத்துவரிடம் போங்கள். அவர் மசகு மருந்து விட்டு, ஊறவைத்து எடுப்பார். இன்னொன்று, அது உண்மையில் பழைய மூடிதானா என்று பாருங்கள். மங்கலாக, ஓரத்தில் பிசிறு தெரிந்தால் மூடி. பளிங்குபோல இருந்து நடுவில் மட்டும் குழி விழுந்திருந்தால், பெரும்பாலும் பாம்பின் உடம்பில் தண்ணீர் குறைவு. அப்படி ஒரு நல்ல கண்ணைப் போய்ச் சுரண்டியவர்களும் இருக்கிறார்கள்.

இனி வயிறு. இதற்கு என் கதையைச் சொல்ல வேண்டும். பாம்பு வளர்க்க ஆரம்பித்த புதிதில் என் பால் பைத்தானுக்கும் இதேபோல் சட்டை துண்டு துண்டாக வந்தது. ஈரப்பதம் இல்லை என்று எங்கோ படித்துவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் பீய்ச்சினேன். மூடியை முழுக்க பிளாஸ்டிக் தாளால் சுற்றினேன். கண்ணாடியில் நீர் முத்து முத்தாக வழிந்தது, மானி 90 காட்டியது. அடுத்த சட்டை ஒரே துண்டாக வந்தது, இரண்டு கண் மூடியும் சேர்த்து. பெருமையாகப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து ஒருநாள் கையில் எடுத்தபோது வயிறு எப்போதும்போல வழுவழுப்பாக இல்லாமல், சொரசொரவென்று பட்டது. திருப்பிப் பார்த்தால் ஏழெட்டுச் செதில்களின் ஓரம் செம்பழுப்பு. இரண்டில் நீர் கோத்த கொப்புளம். காயாத துணியின் வாடை. சட்டையைக் காப்பாற்றப் போய்ச் செதில் அழுகலை வரவழைத்திருந்தேன். மருத்துவம் ஆறு வாரம் நடந்தது, தழும்பு மங்க இன்னும் மூன்று சட்டை ஆனது.

அன்றைக்குத்தான் உறைத்தது: ஈரப்பதம் வேறு, ஈரம் வேறு. பாம்புக்கு ஈரம் காற்றில் வேண்டும், படுக்கிற தரையில் கூடாது. அதனால்தான் மேலே தண்ணீர் பீய்ச்சச் சொல்லாமல் மூலையில் ஊற்றச் சொன்னேன்.

உங்கள் பாம்பின் சிவப்பு எந்த வகை? சட்டைக்கு முந்தைய சிவப்பு வயிறு முழுக்கச் சீராகப் பரவியிருக்கும், உரித்ததும் போய்விடும். நனைந்த துணியால் துடைத்தால் போவது வெறும் அழுக்கு. ஒரே இடத்தில் திட்டாக இருந்து, அடியில் தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாத ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) இருந்தால் அது சூட்டுப் புண்ணாக இருக்கலாம். கட்டுப்பாடில்லாத மேட் 40 டிகிரியைத் தாண்டும், பாம்பு சுட்டாலும் நகராமல் அதன்மேலேயே படுத்திருக்கும். செதில் ஓரம் பழுப்பு, குழி, கொப்புளம், வாடை என்றால் அழுகல். நீங்கள் சொன்ன நான்கைந்து ஓரங்கள் எனக்கு இதன் ஆரம்பமாகவே படுகிறது, படம் இல்லாமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

மருத்துவரைப் பார்க்கும்வரை: தரையில் இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் பேப்பர் டவல், தினமும் மாற்றவும். ஈரப் பெட்டியையும் இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பீட்டாடின் கரைசலைப் பால் விடாத இளம் தேநீர் நிறம் வரும்வரை விட்டு, வயிறு மட்டும் நனையும் ஆழத்தில் பத்துப் பதினைந்து நிமிடம், பக்கத்திலேயே இருந்து. பிறகு ஒற்றி உலர்த்துங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், டீ ட்ரீ எண்ணெய், மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த களிம்பு எதுவும் வேண்டாம். ஆழமாக இறங்கியிருந்தால் களிம்பு போதாது, ஊசி வேண்டும். செஃப்டாசிடிம் என்ற கிருமிக்கொல்லி என்றால் பொதுவாக மூன்று நாளைக்கு ஒன்று. உடம்பின் முன்பாதியில்தான் போடுவார்கள், பின்பாதி இரத்தம் சிறுநீரகம் வழியாகப் போகக்கூடும் என்பதால். வீட்டில் போடக் கற்றுத்தருவார்கள், முதல் ஊசிதான் பயம்.

தொட்டி சரியாக இருந்தும் சட்டை கெட்டால் மைட் என்ற சிற்றுண்ணியைத் தேடுங்கள். குண்டூசித் தலையைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள், கண் விளிம்பிலும் தாடைக்கு அடியிலுள்ள மடிப்பிலும். பாம்பு நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்தில் கிடந்தால், கிண்ணத்தின் அடியில் மிளகுப்பொடி தூவியதுபோல இருந்தால், அதுதான். ஈர வெள்ளைத் துணியால் உடம்பை ஒருமுறை வழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இவை முட்டையிடுவது பாம்பின்மேல் இல்லை, தொட்டியின் இடுக்குகளில். அதனால் பாம்புக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. தரைப்பொருளையும் மரத்துண்டுகளையும் பையில் கட்டி வீட்டைவிட்டு வெளியேற்றி, தொட்டியைச் சுடுநீரில் கழுவி, பேப்பர் டவலில் ஒரு மாதத்துக்கும் மேல் வைத்திருக்க வேண்டும். மருந்தை மருத்துவர் சொல்லட்டும். நாய்க்கு வாங்கிய உண்ணிப் பட்டையைத் தொட்டியில் தொங்கவிடாதீர்கள். வீட்டில் ஆமையும் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாம்புக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் என்ற உண்ணி மருந்து ஆமையைக் கொன்றுவிடும்.

முகத்திலோ உடம்பிலோ செதில்கள் மஞ்சளாய்த் தடித்து, பொருக்குத் தட்டி, பாம்பு வழக்கத்தைவிட அடிக்கடி சட்டை உரித்தால் பூஞ்சை நோயாக இருக்கலாம். வட அமெரிக்காவில் காட்டுப் பாம்புகளையும் அது தாக்குகிறது. அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது, மாதிரி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். வேறு பாம்பு இருந்தால் தனித்தனியாக வையுங்கள்.

மருத்துவரிடம் போகுமுன் போன் செய்து பாம்பு பார்ப்பாரா என்று கேளுங்கள், நாய், பூனை மட்டும் பார்ப்பவர்கள்தான் அதிகம். பாம்பைத் தலையணை உறையில் விட்டு வாயைக் கட்டி, தெர்மோகோல் பெட்டிக்குள் வையுங்கள். காரைப் பத்து நிமிடம் முன்பே சூடாக்கிவிட்டு அப்புறம் கிளம்புங்கள். கடைசியாக உரிந்த துண்டுகள் இருந்தால் ஜிப் பையில் போட்டு எடுத்துப் போங்கள், தொட்டியின் படம், மானி காட்டிய எண்கள், ஹீட் மேட் இருந்தால் அதை எப்படிப் பொருத்தியிருக்கிறீர்கள் என்ற விவரமும் வேண்டும். அவர் கேட்கும் முதல் நான்கு கேள்விகளும் தொட்டியைப் பற்றித்தான் இருக்கும்.

கண் நீலமாக இருக்கும் நாட்களில் பாம்பைத் தொடாதீர்கள், சரியாகப் பார்வை தெரியாமல் பயந்து கொத்தும். அந்த நாட்களில் எலியைத் தொடாவிட்டாலும் கவலை வேண்டாம், பால் பைத்தானுக்குச் சாப்பிடாமல் இருக்க ஒரு சாக்குப் போதும். உங்கள் வயதுப் பாம்புக்கு அடுத்த சட்டை ஆறு எட்டு வாரத்தில் வரலாம். புண் இருப்பதால் அதற்கு முன்பேகூட வரும். வயிறு ஆறிவிட்டது என்று மருத்துவர் சொன்னதும் ஈரப் பெட்டியைத் திரும்ப வையுங்கள். சட்டை விழுந்த அன்று மேசையில் விரித்து, இடது கண்ணின் இடத்தில் கிண்ணம் இரட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஒன்றாக ஒட்டி வந்திருந்தால் பழையதும் வந்துவிட்டது.